இணைப்பு மூன்று: மௌனத்தின் எழுத்துப்படி

கட்டுரை பதினொரு பக்கம். அதை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் விதிமுறை நாற்பத்து மூன்று பக்கம். இதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் பழுது பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு நோட்டு உண்டு. 'ஓடுகிறது', 'ஓடவில்லை', இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். 'ஓடுவதாகக் கருத இடமிருக்கிறது' என்று எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் படித்தவர்கள் எழுதுகிற முறை எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாளாயிற்று.

என் மனைவி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்களுக்கு, அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. அந்தப் பெண்கள் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கும்போது இவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. கேள்வி கேட்கிறவள், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுகிறாள். பிறகு 'இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதுகிறாள்.

"ஏங்க, லிஃப்ட் கதவு எத்தனை நொடில மூடுதுன்னு பாக்க ஒரு வாட்ச் வெச்சிருப்பீங்களே, அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க" என்று ஒரு நாள் கேட்டாள். கொடுத்தேன். ஒன்பது வருஷம் அந்த ஸ்டாப்வாட்ச் அவள் கைப்பையில் இருந்தது. வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து அளந்து எழுதினாள். கேள்வி கேட்டபின் ஆசிரியைகள் சும்மா இருக்கிற நேரம் இரண்டு நொடிகூட இல்லை. பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதோ ஏழு நொடி. கேள்வியைப் புரிந்துகொண்டு, தன் பாஷையில் பதிலை யோசித்து, அதை ஆங்கிலமாக்கி, தப்பாக இருந்தால் சிரிப்பார்களே என்று பயந்து, அந்தப் பயத்தையும் விழுங்கிவிட்டுக் கையைத் தூக்க ஏழு நொடி. கடைசி பெஞ்ச் என்றால் பதினொன்று.

அதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வகுப்பறை ஜன்னலில் இருக்கிற கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகுதான் ஆசிரியை பேசலாம். "மேடம் நம்மளக் கம்பி எண்ண வெச்சிட்டுத்தான் வேலைக்கு அனுப்புவாங்க" என்று அந்தப் பெண்கள் கேலி பேசுவார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இதைத்தான் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினாள். ஆங்கில ஆசிரியர் கல்விக்கென்றே நடக்கிற இதழ் அது. எல்லாக் கல்லூரி நூலகத்துக்கும் போகும், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பார்கள்.

முதல் தடவை, இடது ஓரத்தில் விட்ட இடம் நூலளவு குறைகிறது என்று திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, தலைப்பில் பதின்மூன்று சொற்கள் இருக்கின்றன, பன்னிரண்டுக்குத்தான் அனுமதி என்று வந்தது. மூன்றாம் தடவை ஒரு கேள்வி வந்தது: நேரத்தை அளந்த கருவி யாரிடமிருந்து பெறப்பட்டது? என் மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். 'லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் என் கணவரிடமிருந்து' என்று எழுதிவிட்டாள். வந்தது வினை. இந்த ஆய்வின் முடிவுகளால் மின்தூக்கித் தொழிலுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த ஆதாயமும் இல்லை என்று அவள் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் மௌனமாக இருப்பதால் எனக்கு லாபம் எதுவும் இல்லை என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அதில் என் சூப்பர்வைசரின் முத்திரை வேண்டும். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டார்.

அப்போது நன்றாகத்தான் இருந்தாள்.

எட்டு மாசம் கழித்து மதிப்பீடு வந்தது. மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். அவர்கள் யாரென்று கட்டுரை எழுதியவருக்குத் தெரியக் கூடாது, எழுதியவர் யாரென்று அவர்களுக்கும் தெரியக் கூடாது. கட்டுரையில் என்ன இருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு விதி இருந்திருக்க வேண்டும். முதலாமவர், கட்டுரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். இரண்டாமவர், இரண்டு மடங்காக விரிக்கச் சொன்னார். மூன்றாமவர்தான் ஆழமாகப் போனார். 'வெறும் மௌனத்தைத் தரவாக ஏற்க இயலாது. அந்த ஏழு நொடி மௌனத்தில் பேசப்பட்டவை யாவை? அதன் எழுத்துப்படியை இணைப்பு மூன்றாகச் சேர்க்கவும்.'

இதைப் படிக்கும்போது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். ரத்தத்தில் வந்த வியாதி. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் என்று டாக்டர் சொன்னார், மீதியைச் சொல்லவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"மௌனத்தோட எழுத்துப்படியா? கேட்டுட்டாங்க, குடுத்துடலாங்க" என்றாள்.

'இணைப்பு மூன்று' என்று தலைப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை அனுப்பினோம். எட்டு மாசம் தூங்கியவர்கள் நாலே நாளில் பதில் போட்டார்கள். தாளில் பக்க எண் இல்லை. தவிர, எந்த மாணவர் எந்த மௌனத்தைக் காத்தார் என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

அதையும் செய்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினேன். மாணவி ஒன்று, மௌனம். மாணவி இரண்டு, மௌனம். ஒரே வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். பாதியில் மூச்சு வாங்கியது அவளுக்கு. நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"இருபத்தி மூணாவது புள்ள எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ரெட்டை ஜடை போட்டிருக்கும். பதினோரு நொடி கழிச்சு எழுந்து பதில் சொல்லிச்சு. சரியான பதில்."

"அதையும் அடிக்கவா?"

"அடிச்சீங்கன்னா, மௌனத்துக்கு நடுவுல பேச்சு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. வேண்டாம், மௌனம்னே போடுங்க."

போட்டேன். அதைப் போட்டிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நாற்பத்தொன்றும் முடிந்த பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது அச்சுல வந்ததும் எங்க காலேஜ் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு பிரதி குடுத்துடுங்க. நான் வாயால சொன்னது எல்லாம் வேலைக்குப் போனதும் மறந்துடும். அச்சுல பாத்தா மறக்க மாட்டாங்க. செய்வீங்கல்ல?"

"நீயே குடுப்ப" என்றேன். அவள் கேட்டு ஒரு நொடி ஆவதற்குள் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்களும் காத்திருக்க மாட்டீங்க" என்றாள். கொடுக்கிறேன் என்று பிறகுதான் வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பதினாறாம் நாள் போய்விட்டாள்.

அவள் போன மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெயில் வந்தது. அவளுடைய மெயில் எல்லாம் என் போனில் வரும்படி மகள் செய்து வைத்திருந்தாள். மகள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள். அவள்தான் படித்துச் சொன்னாள். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாழ்த்துகள். அச்சுக்குப் போகும் படியைக் கட்டுரையாளர் சரிபார்த்து, தம் கைப்படக் கையெழுத்திட்டு, இருபத்தொரு நாளுக்குள் அனுப்ப வேண்டும். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

கட்டுரையாளர் இறந்துவிட்டார் என்று பதில் போட்டோம். உடனே பதில் வந்தது. தாமதத்துக்கான காரணத்தைக் கீழ்க்காணும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்: மகப்பேறு, பணி மாறுதல், இணையக் கோளாறு, இதர. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'இதர'வை அமுக்கினாள். முப்பது நாள் கூடுதல் அவகாசம் கிடைத்தது.

"அப்பா, விட்டுடுங்கப்பா. இவங்க திருந்த மாட்டாங்க" என்றாள்.

"உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்."

ஆய்விதழின் அலுவலகம் ஐந்தாவது மாடியில். கீழே லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையே மங்கிப்போயிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். மேலே ஒரு நீள அறை, சுவரெல்லாம் பிரிக்காத கட்டுகளில் பழைய இதழ்கள். வாசல் பக்கம் கிளார்க் வேலை பார்க்கிற ஒரு பெண். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, கேட்காமலேயே தண்ணீர் எடுத்து வந்து வைத்தாள்.

"லிஃப்ட் எத்தனை நாளாம்மா ஓடல?"

"ரெண்டு வருஷம் ஆகுது சார். லிஃப்ட் பழுதுன்னு நான்தான் மேல எழுதிக் குடுத்தேன். அது மூணு பேர்கிட்ட மதிப்பீட்டுக்குப் போயிருக்கு. ஒருத்தர், 'பழுதுங்கிற சொல்லை வரையறுக்கவும்'னு திருப்பி அனுப்பிட்டார்."

பதிப்பாசிரியர் உள்ளறையில் இருந்தார். மரியாதையான மனிதர், எழுந்து நின்று கை கொடுத்தார். உட்கார்ந்ததும் இதழைப் பற்றிச் சொன்னார்.

"முப்பத்தோரு வருஷமா ஆசிரியர்களுக்காகவே இதை நடத்தறோம் சார். இதுவரைக்கும் ஒரு ஆசிரியர்கிட்டேருந்தும் ஒரு குறை வந்ததில்ல. ஒருத்தரும் படிச்சதா தகவலும் இல்ல. தரத்தை அவ்வளவு உயரத்துல வெச்சிருக்கோம்."

"நீங்க வகுப்பறைக்கெல்லாம் போவீங்களா சார்?"

"போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. போனா மனசுல ஒரு சார்பு வந்துடும் பாருங்க. பிள்ளைங்க முகத்தைப் பாத்துட்டா நடுநிலையா எழுத முடியாது." பிறகு என் பக்கம் சாய்ந்தார். "உங்க மனைவி கட்டுரைல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு நினைக்கிறீங்க? நானே சொல்றேன். கடைசில இருக்கிற மேற்கோள் பட்டியல். ஒரு கால்புள்ளி தப்பில்ல."

அவள் போனதிலிருந்து ஸ்டாப்வாட்ச் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கை பழக்கத்தில் அமுக்கியிருந்தது. அவர் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல்.

கையெழுத்துப் போட அவள் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"ரொம்ப வருத்தம் சார். ஆனா இதுல தொழில்னு போட்டிருக்கிற இடத்துல 'ஆசிரியை'ன்னுதான் இருக்கு. கட்டுரையாளர்னு இல்ல."

"ரெண்டும் ஒரே ஆள்தானே சார்?"

"உங்களுக்கு ஒரே ஆள். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. யார் எழுதினதுன்னு எங்களுக்கே தெரியக் கூடாதுன்னுதானே மதிப்பீடு பண்றோம்? ஆசிரியை இறந்துட்டாங்க, அதை நான் மறுக்கல. கட்டுரையாளர் எங்க பதிவுல உயிரோடதான் இருக்காங்க. அவங்க கையெழுத்து இல்லாம அச்சடிச்சா, நாளைக்கு அவங்களே வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவளே வந்து கேட்டால். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டி, 'இதர'வில் இன்னும் முப்பது நாள் தரச் சொல்கிறேன் என்றார்.

இறங்கும்போது கீழே லிஃப்டின் கதவை விலக்கிப் பார்த்தேன். கதவடியில் ஒரு பேனா மூடி சிக்கியிருந்தது. அவ்வளவுதான். எடுத்துப் போட்டேன், ஓடியது. பழக்கதோஷத்தில் 'ஓடுகிறது' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் 'பழுது' அட்டைமேல் சொருகிவிட்டு வந்தேன்.

இனி அவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அவள் முதன்முதலில் எழுதின பதினொரு பக்கத்தை எடுத்தேன், குறைக்காதது, விரிக்காதது, இணைப்பு இல்லாதது. முப்பத்திரண்டு பிரதி எடுத்து, கல்லூரிக்குப் போய், அவளுடைய கடைசி வகுப்புப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அச்சு இல்லை, நகல்தான். கொடுக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, வாக்கை முக்கால்வாசிதானே காப்பாற்றினேன். ஒருத்தி மட்டும் என்னை விடவில்லை. "வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்துல வகுப்பு இருக்கு சார். மேடம் உக்கார்ற இடத்துல வந்து உக்காருங்க" என்றாள்.

போனேன். கடைசி பெஞ்சில் என் முட்டி இடிக்க உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்: நேற்று லீவு நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கண் ஜன்னலுக்குப் போனது. மூன்று நொடி, நாலு நொடி. வகுப்பு நெளிந்தது, யாரோ இருமினார்கள். பையில் என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சின் மேல் இருந்தது. ஒன்பதாம் நொடியில் எனக்கு முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

நான் வெளியே போகல. அம்மா காய்ச்சல். நான் பக்கத்தில உக்காந்தேன். இதை மூன்று துண்டு ஆங்கிலமாகச் சொன்னாள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, ஆனால் எனக்கே புரிந்தது. ஆசிரியையாகப் போகிறவள் அதைத் திருத்தவில்லை. இப்போது அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குனிந்து அழுததை நல்லவேளையாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லூரி முதல்வருக்கு இதெல்லாம் தெரிந்து, பெருமையாக ஆய்விதழுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மெயில் வந்தது. 'தங்கள் கட்டுரையை முப்பத்திரண்டு ஆசிரிய மாணவியர் வாசித்துப் பயன்படுத்தி வருவதாக அறிகிறோம். ஆசிரியர்களால் ஏற்கெனவே வாசிக்கப்பட்ட கட்டுரைகளை வெளியிடுவது இவ்விதழின் வழக்கமல்ல. இது எவ்வாறு நேர்ந்தது என்று கட்டுரையாளர் தாமே விளக்கம் அளிக்கும்வரை வெளியீடு நிறுத்தி வைக்கப்படுகிறது. உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.' அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு ஒரு நினைவூட்டல்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. போன மாசம் ஆய்விதழிலிருந்து போன் வந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்த பெண்.

"சார், உங்களுக்கு வாராவாரம் அந்த மெயில் போறத நினைச்சா எனக்கு மனசே கேக்கல. இந்த ஆபீஸ்ல மேடத்தோட கட்டுரைய முழுசா படிச்சது நான் ஒருத்திதான்னு நினைக்கிறேன். ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன் சார். 'கட்டுரையாளர் ஆர்வம் காட்டவில்லை'ன்னு குறிச்சா ஃபைல் மூடிடும். அப்புறம் ஒரு மெயில் வராது. மூடிடவா சார்?"

எனக்கு உடனே பேச வரவில்லை. அவளும் பேசவில்லை. 'சரி சார், மூடிடறேன்' என்று அவளே பதில் சொல்லிவிட்டு வைக்கவும் இல்லை. அவள் பக்கத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நொடி என்று நான் அளக்கவில்லை.

"வேண்டாம்மா. அவங்க ஆர்வம் காட்டலைன்னு மட்டும் எழுதாதம்மா."

"சரி சார்" என்றாள்.

கல்லூரியில் என் மனைவியின் மேஜையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் அடித்துவிட்டார்கள். அவள் போன் நம்பர்கூட யாருக்கோ போய்விட்டது, தெரியாமல் ஒரு தடவை கூப்பிட்டு, யாரோ ஒரு ஆம்பளைக் குரலைக் கேட்டு வைத்துவிட்டேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் நடைமுறை. அவளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வாள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற இடம் உலகத்தில் அந்த ஐந்தாவது மாடி ஒன்றுதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்ப்பேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்று இருக்கும்.

நானும்தான்.